டாட்டூ கடை தொடங்கினால் என்னென்ன சிக்கல்கள் வரும்?

மெஷின், மை, அட்வான்ஸ் எல்லாம் பணம் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், பெரிய கவலை சுகாதாரம்தான். ஊசி தோலின் இரண்டாம் அடுக்கு வரை இறங்குகிறது, ரத்தம் கசிகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகள் பரவ ஒரே ஒரு அழுக்கு ஊசி போதும். ஹெபடைடிஸ் பி பயத்தில் 1961-இல் டாட்டூ கடைகளையே தடை செய்த நியூயார்க் நகரம், 1997-இல்தான் தடையை நீக்கியது. அதனால் ஊசியும் மைக் கிண்ணமும் ஆளுக்கு ஆள் புதிதாகப் பிரித்ததாக இருக்கட்டும். திரும்பப் பயன்படுத்தும் உலோகக் கருவிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவி) 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வையுங்கள். பழைய ஊசியைக் குப்பைத்தொட்டியில் போடவே கூடாது, அது துப்புரவுப் பணியாளரின் கையில்தான் குத்தும். துளைக்க முடியாத டப்பாவில் சேர்த்து, மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

மாநகராட்சித் தொழில் உரிமம் அவசியம். திருச்சியில் அலங்காரத்துக்காக நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்ட ஒரு டாட்டூ கடைக்கு 2024 டிசம்பரில் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. அறுவைச் சிகிச்சை நம் வேலையே அல்ல.

வருமானம் சீராக வராது, சில மாத வாடகையைக் கையில் வைத்திருங்கள். ஆனாலும் 18 வயது நிரம்பாதவரையும் குடித்துவிட்டு வருபவரையும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். ரத்த தானம் செய்பவர் வந்தால், டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.