வாசகர் கேள்வி: வலது சுண்டுவிரலும் விலை உயர்ந்த விசைப்பலகையும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ் ஆசிரியை. வினாத்தாள்களையும் கோயில் அறிவிப்புகளையும் தமிழ்99 முறையில் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் தட்டச்சு செய்கிறேன்; பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது. என் மடிக்கணினியில் இருப்பது பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகை. மாலையானால் வலது சுண்டுவிரல் வலிக்கிறது. சேர்த்து வைத்த பணத்தில் நல்ல மெக்கானிக்கல் விசைப்பலகை ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். கடையில் சிவப்பு, பழுப்பு, நீலம் என்று நிறங்களைச் சொல்லிக் குழப்புகிறார்கள். எதை வாங்கலாம்?
— ஓர் ஆசிரியை, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: கடைக்காரர் நிறத்திலிருந்து தொடங்கினார், நான் உங்கள் சுண்டுவிரலிலிருந்து தொடங்குகிறேன். 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. மிக நல்ல அமைப்பு அது. ஆனால் ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய ஆறு எழுத்துகளும் வலது சுண்டுவிரலின் பங்காகிவிடுகின்றன. ‘செய்ய’ என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்: ச, எ, ய, ய என்ற நான்கு தட்டுகளில் மூன்று அந்த ஒரு விரலுக்கே. கைகளிலேயே வலிமை குறைந்த விரலுக்கு நாள் முழுவதும் இத்தனை வேலை இருக்கும்போது, விசையை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பதே உங்களுக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியே ஒரு சுவிட்ச் உண்டு; அதன் நிறம் அதைத்தான் சொல்கிறது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகளின் வழக்கத்தையே இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். சிவப்பு தடையின்றி நேரே இறங்கும். அதற்கு ஏறக்குறைய 45 கிராம் அழுத்தம் போதும். பழுப்பு 55 கிராம் அளவில், நடுவழியில் சிறு மேடு ஒன்றை விரலுக்கு உணர்த்தும். நீலம் ஒவ்வொரு தட்டுக்கும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும். வீட்டில் பிறர் உறங்கும் நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இவற்றில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கினாலும், ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். ஆகவே அடிவரை ஓங்கி அழுத்தும் பழக்கத்தைக் கைவிட்டால், எந்தச் சுவிட்ச் வாங்கினாலும் பாதி வலி குறையும்.

உங்களுக்கு என் தேர்வு, ஈயப்பற்று இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகக்கூடிய, ‘ஹாட் ஸ்வாப்’ என்று குறிப்பிட்ட விசைப்பலகை. பலகை முழுவதும் சிவப்போ பழுப்போ இருக்கட்டும். அந்த ஆறு எழுத்துகளின் இடத்தில் மட்டும் 35 கிராம் அளவிலான மென்மையான சுவிட்சுகளைத் தனியே வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள். பலகையுடன் வரும் இடுக்கி கொண்டு பத்து நிமிடத்தில் முடியும் வேலை. சுவிட்சின் அடியில் மூன்று ஊசியா, ஐந்து ஊசியா என்று கேட்டு, பலகைக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். ஒளிரும் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்குக் கொடுக்கும் பணம் உங்கள் கைக்கு உதவும்.

பிரெஞ்சுக்காக மறுபடியும் அசெர்ட்டி தேட வேண்டாம். இப்போது நீங்கள் ‘ந’ தட்டும் விசையின்மேல் எம் என்றும், ‘ழ’ தட்டும் விசையின்மேல் வியப்புக்குறியும் அச்சாகியிருக்கும். தமிழ்99 விசையின் இடத்தைத்தான் பார்க்கிறது, அச்சை அல்ல. அமெரிக்க அமைப்புள்ள பலகையை வாங்கி, கணினியில் ‘யுஎஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பைத் தேர்ந்துகொண்டால், ஒற்றை மேற்கோள்குறியைத் தட்டிப் பிறகு ஆங்கில ‘e’ தட்டியதும் மேற்குறியுள்ள பிரெஞ்சு எழுத்து வந்துவிடும். அமெரிக்கப் பலகையில் என்டர் விசை சுண்டுவிரலுக்கு ஒரு விசை தூரம் நெருக்கமாகவும் இருக்கிறது.

விசைமூடிகள் பிபிடி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். ஏபிஎஸ் மூடிகள் விரைவில் வழவழப்பாகிவிடும். மெக்கானிக்கல் பலகைகள் உயரமானவை என்பதால் மணிக்கட்டுக்குத் தாங்கு பலகையும் சேர்த்து வாங்குங்கள். பலகை மாறிய பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக மெக்கானிக்கல் விசைப்பலகை வைத்திருக்கிறேன். சில நாட்களாக ‘படம்’ என்று தட்டினால் ‘ப்படம்’ என்று விழுகிறது. மென்பொருளில் கோளாறா?
— ஒரு வாசகர், கியூர்பிப்

பதில்: மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது அதிர்ந்து, ஒரு தட்டை இரண்டாக அனுப்புகின்றன. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது தமிழ்99இன் விதி. ஆங்கிலத்தில் எழுத்து வெறுமனே இரட்டிக்கும், நமக்கோ சொல்லே மாறிவிடுகிறது. கடற்கரையை ஒட்டிய வீட்டில் நான் இருந்தபோது என் பலகையின் ‘ம’ இப்படித்தான் ஆகி, ஒரு கட்டுரை முழுவதும் ‘ம்மக்கள்’ என்று விழுந்திருந்ததை அச்சுக்குப் போகும் முன்பு கண்டேன். தூசியும் ஈரமும் இதற்குக் காரணமாகலாம். உங்கள் பலகை ஹாட் ஸ்வாப் வகையாக இருந்தால் அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் போதும். விசைப்பலகைக்குள்ளேயே ஓடும் கியூஎம்கே என்ற மென்பொருளில் இயங்கும் பலகையானால், அதிர்வைப் புறக்கணிக்கும் நேரம் வழக்கமாக 5 மில்லிவினாடி; அதைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். வேலை செய்யாதபோது பலகையைத் துணியால் மூடி வையுங்கள்.

கேள்வி: ஜப்பானின் ஹேப்பி ஹேக்கிங் விசைப்பலகையை நண்பர் புகழ்கிறார். தமிழுக்கு ஏற்றதா?
— ஒரு வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: அதன் ப்ரொஃபெஷனல் வகையில் உலோகத் தொடுதல் இல்லை, ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள கூம்புச் சுருள் இறங்கும்போது மின்தேக்கு அளவு மாறுவதைப் பலகை உணர்கிறது. ஆகவே கியூர்பிப் வாசகரின் தொல்லை வராது, தட்டுவதற்கும் மிக இதமானது. ஆனால் ஆங்கில அமைப்பில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எஃப்என் விசையை வலப்பக்கம் அழுத்திக்கொண்டு, தமிழ்99இல் ச, ந, ய, ழ இருக்கும் அதே நான்கு விசைகளைத் தட்டித்தான் எழுத்துகளுக்கிடையே நகர வேண்டும். திருத்தும் வேலை அதிகம் இருந்தால், அம்புக்குறிகள் தனியே உள்ள ஜப்பானிய அமைப்பைக் கேட்டு வாங்குங்கள்.