வாசகர் கேள்வி–பதில்: புரதப் படிகமும் நுண்துளைத் துணுக்கும்

கேள்வி: தொங்கு துளி முறையில் (கரைசல் உள்ள கிணற்றின் மேல், மூடுகண்ணாடியில் புரதத் துளியைத் தொங்கவிடும் முறை) எங்கள் புரதம் படிகமாகவே மாட்டேன் என்கிறது. புரதத்தைக் கரைசலிலிருந்து பிரியவைக்கும் வீழ்படிவூக்கியைக் குறைத்தால் துளி தெளிவாகவே நிற்கிறது, கூட்டினால் பழுப்பாக வீழ்படிகிறது. நுண்துளைக் கண்ணாடித் துணுக்கைப் போட்டால் பலன் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், துளி சரியான நிலையில் இருந்தால். நீங்கள் பார்த்தவை இரண்டு ஓரங்கள். அவற்றுக்கு நடுவே, கரு (படிகம் வளரத் தொடங்கும் நுண்ணிய முதல் கொத்து) ஒன்று இருந்தால் வளரும், ஆனால் தானாகக் கரு தோன்றாத பகுதி உண்டு. துணுக்கு கைகொடுப்பது அங்கேதான். செறிவு போதாத துளியில் எத்தனை துணுக்கு போட்டாலும் வீண்.

துளைச் சுவரையொட்டிப் புரத மூலக்கூறுகள் நெருங்குவதால் கரு உருவாவதற்கான ஆற்றல் தடை இறங்குகிறது. ஒடுங்கிய துளை சீக்கிரம் நிரம்பும், ஆனால் படிகம் அதன் வாயைத் தாண்டி வெளியே வளரத் திணறும். அகன்ற துளையில் இது நேர்மாறு. ஆகவே ஒரே அளவுத் துளைகளைவிடப் பல அளவுகள் கலந்த பொருளே நல்லது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2006-ல் வெளியான ஆய்வில் பயன்பட்ட உயிர்க்கண்ணாடியின் (எலும்போடு ஒட்டக்கூடிய, கால்சியம் கலந்த கண்ணாடி) துளைகள் 2 முதல் 10 நானோமீட்டர் வரை இருந்தன. கோழிமுட்டையிலுள்ள லைசோசைம் என்ற புரத மூலக்கூறின் நீளமே சுமார் 4.5 நானோமீட்டர்தான், அதாவது துளைகள் மூலக்கூறின் அளவையொட்டியவை.

வீழ்படிவூக்கியை, வீழ்படிவு தொடங்கும் செறிவிலிருந்து 5 சதவீதப் படிகளாக இறக்கி, தட்டின் கிணறு (குழி) ஒவ்வொன்றிலும் 500 மைக்ரோலிட்டர் கரைசல் ஊற்றுங்கள். மூடுகண்ணாடியில் 1 மைக்ரோலிட்டர் புரதமும் 1 மைக்ரோலிட்டர் கிணற்றுக் கரைசலும் வையுங்கள். தலைமுடிப் பருமனுள்ள ஒரே துணுக்கை ஊசி முனையால் துளிக்குள் இறக்கி, கிணற்று விளிம்பிலுள்ள கிரீஸ் இடைவெளியில்லாமல் படியும்படி கவிழ்த்து மூடுங்கள். பக்கத்திலேயே துணுக்கில்லாத துளி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், வந்த படிகம் துணுக்கால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

துணுக்கைப் பொடித்துத் தூவுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. கரு பெருகி, எக்ஸ்-கதிர் ஆய்வுக்கு உதவாத குறுமணல் போன்ற படிகங்களே மிஞ்சும். துணுக்கு மிதந்தால் துளைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. புரதமில்லாத கிணற்றுக் கரைசலில் ஊறவைத்து, வடிதாளால் ஈரம் ஒற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: துணுக்கையொட்டி ஊசி ஊசியாகப் படிகம் வந்திருக்கிறது. எங்களுடையது பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பிஎச் எனும் அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்). இது புரதம்தானா?

பதில்: சந்தேகம் நியாயமானது. உயிர்க்கண்ணாடியிலிருந்து கால்சியம் கசியும். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் உப்பாகப் படியும். ஒரு படிகத்தை ஊசியால் அழுத்திப் பாருங்கள். புரதப் படிகத்தில் பாதி அளவு நீர் இருப்பதால் மெத்தென நொறுங்கும், உப்பு கடுக்கென உடையும். மெத்திலீன் நீலம் சிறிது சேர்த்தால் புரதப் படிகம் பெரும்பாலும் நிறம் ஏற்கும். அடுத்த தட்டில் பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பீஸ் அல்லது ட்ரிஸ் என்ற வேறு தாங்கல் வைத்து, பிஎச் அளவை முந்தையதோடு ஒத்ததாக அமையுங்கள்.