இரண்டு வயது நிரம்பாத குழந்தையுடன் கேம்பர் வேனில் நீலகிரிக்குச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

கோவையில் ஒரு கேம்பர் வேனை (படுக்கையும் சமையல் மேடையும் உள்ள வேன்) வாடகைக்கு எடுத்து, ஒன்றே முக்கால் வயது மகளுடன் ஐந்து நாட்களில் குன்னூர், ஊட்டி, முதுமலை, கோத்தகிரி, பிறகு கொடைக்கானல் என்று சுற்றிவர முடியுமா, இரவில் வழியில் எங்கே நிறுத்தித் தூங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். என் தங்கை குடும்பத்தார் தங்கள் சின்ன மகனோடு இப்படிப்பட்ட வேனில் வந்து எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தித் தங்குவது வழக்கம் என்பதால், இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பதில் இதுதான்: ஐந்து நாட்களுக்கும் ஒரே மலையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மலையிலும் வேனை ஒரே ஊரில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பகலில் மட்டும் போய்வாருங்கள்.

ஊட்டியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தூரம் பெரிதாகத் தெரியாவிட்டாலும், ஒரு மலையை முழுவதும் இறங்கி, வெயிலில் சமவெளியைக் கடந்து, பழனி வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ இன்னொரு மலையை முழுவதும் ஏற வேண்டும். சிறு குழந்தையைக் கார் சீட்டிலிருந்து (குழந்தைக்கென்று தனியாகப் பொருத்தும் பாதுகாப்பு இருக்கை) இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறக்கி நடக்கவிட வேண்டும். அதோடு சாப்பாடு, உடை மாற்றுதல், பகல் தூக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டால் அன்றைய பொழுது முழுவதும் சாலையிலேயே போய்விடும். கேம்பர் வேன் தரும் பெரிய வசதி, குழந்தைக்குத் தூக்கம் வந்த நேரத்தில் பழகிய படுக்கை பக்கத்திலேயே இருப்பதுதான். நாளுக்கொரு ஊர் என்று ஓடினால் அந்த வசதியை அனுபவிக்க நேரமே இருக்காது.

இரவு நிறுத்தம் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: மலைப்பாதையின் ஓரத்தில் எங்கும் தூங்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு பகுதிகளிலும், கோத்தகிரி ஏறும் வழியில் குஞ்சப்பனையிலும் யானைகள் சாலையைக் கடக்கும். பலாப்பழக் காலத்தில் அவற்றின் நடமாட்டம் இன்னும் அதிகம். முதுமலை வழிச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. பகலிலும் வனப்பகுதிக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள்ளேயே வரும். ஒருநாள் விடியற்காலையில் பால் காய்ச்ச எழுந்த என் தங்கை கதவைத் திறப்பதற்கு முன் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துப் பார்க்க, பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை வேலியோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அது தானாகத் தேயிலைக்குள் இறங்கிப் போகும்வரை யாரும் கதவைத் திறக்கவில்லை. இது வேலி உள்ள வீட்டு வளாகத்தில் நடந்தது. திறந்த சாலையோரத்தில், தவழ்ந்தும் ஓடியும் திரியும் குழந்தையை வைத்துக்கொண்டு இதை எதிர்கொள்ளவே கூடாது.

ஆகவே வளாகம் உள்ள ஒரு தோட்ட விடுதியையோ ஹோம்ஸ்டேயையோ பிடித்து, ஓர் அறைக்கான வாடகையைக் கொடுத்துவிட்டு, வேனை உள்ளே நிறுத்த அனுமதி கேளுங்கள். அறை வாடகை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். மழை பெய்தாலோ குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ அந்த அறையும் அதன் வெந்நீரும்தான் உங்களைக் காப்பாற்றும். பணம் கட்டுவதற்கு முன் கடைசி அரைக் கிலோமீட்டர் பாதையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்குள்ள பல தோட்ட வீடுகளுக்குப் போகும் சிமென்ட் பாதை செங்குத்தானது. கார் திரும்பும் வளைவில் நீளமான வேன் திரும்பாது. நிறுத்தும் இடம் சமதளமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் குழந்தை இரவெல்லாம் படுக்கையின் ஒரு மூலைக்கே உருண்டு வந்து விழித்துக்கொள்ளும்.

வேனைத் தேர்வு செய்யும்போது சமையல் மேடையையும் டிவியையும் பார்ப்பதற்கு முன், முன்னோக்கிய இருக்கை ஒன்றில் மூன்று முனை சீட் பெல்ட் (தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றியமைக்கப்பட்ட பல வேன்களில் பின்பக்கம் பக்கவாட்டு பெஞ்சும் மடக்குக் கட்டிலும் மட்டுமே இருக்கும். அவற்றில் கார் சீட்டைப் பாதுகாப்பாகப் பொருத்த வழியில்லை. குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்தபடியோ மடியில் வைத்தபடியோ கொண்டைஊசி வளைவுகளில் போவது மிகவும் ஆபத்தானது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவே சொல்கிறது. இருக்கை சரியாக இல்லையென்றால் அந்த வேனை விட்டுவிடுங்கள். வேறு எந்த வசதிக்காகவும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மலை ஏறும் நாளில் கோவையிலிருந்து விடிந்ததும் கிளம்புங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை 14 கொண்டைஊசி வளைவுகள் இருக்கின்றன. வெயிலும் நெரிசலும் கூடுவதற்கு முன் அவற்றைக் கடந்துவிடுவது நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது குறைவு. அதற்காக வயிறு முட்டப் பால் கொடுத்து ஏற்றவும் கூடாது. காது அடைப்புதான் அவர்களை அதிகம் அழவைக்கும். என் தங்கை மகன் பர்லியாறு தாண்டியதுமே காதைப் பிடித்து இழுக்கத் தொடங்குவான்; அப்போது சிப்பரில் வெதுவெதுப்பான தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுத்தால் அமைதியாகிவிடுவான். சளி பிடித்திருக்கும் குழந்தைக்குக் காதுவலி அதிகமாகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய நாள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். எடை மிகுந்த வேனை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் பதிவு செய்து பெறும் நுழைவு அனுமதி) எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். எனவே வேன் நிறுவனத்திடம் பதிவெண்ணை முன்கூட்டியே வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வேறு வண்டியை மாற்றித் தந்தால் சோதனைச் சாவடியில் சிக்கல் வரும். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தைக் கொண்டுவருவது வழக்கம். சிறு பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்கு இங்கே தடை இருப்பதால் எவர்சில்வர் குடம், பாட்டில் என்று கொண்டுவாருங்கள்.

மாதம் உங்கள் விருப்பம் என்றால் பிப்ரவரி, மார்ச் என்பேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வலுவாகப் பெய்து மண்சரிவை உண்டாக்கும். 2009 நவம்பர் பெருமழையை இங்கு யாரும் மறக்கவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். கைக்குழந்தையோடு தங்க இந்த இதமான குளிர்தான் ஏற்றது.

இரவில் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிடாதீர்கள். நான்கு பேர் மூச்சுவிடும் சிறிய இடத்தில் விடியும்போது கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்து, ஓரத்தில் கிடக்கும் போர்வை நனைந்திருக்கும். மேலே உள்ள சிறு திறப்பை எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள். வேனுக்குள் கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் வெப்பத்துக்காகப் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். பார்பிக்யூ போட்ட கரி அணைந்துவிட்டது என்று எண்ணி அதை உள்ளே எடுத்து வைப்பதும் அதே ஆபத்துதான். பருத்தி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், காலுறை, தூங்கப் போகும்முன் வெந்நீர்ப் பையால் சூடாக்கிய படுக்கை ஆகியவையே போதும். குழந்தை படுத்ததும் அந்தப் பையை எடுத்துவிடுங்கள்.

சமையலுக்குச் சின்ன குக்கர் அவசியம். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய வெகு நேரம் ஆகும். அதற்குள் குழந்தை பசியில் அழுது தீர்த்துவிடும்.

பகலில் வேனை அசைக்காமல் உள்ளூர் டாக்சியில் கார் சீட்டை மாற்றிப் பொருத்திக்கொண்டு போய்வாருங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா குழந்தை நடந்து திரிய நல்ல இடம். மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பயணம் செய்ய அரை நாள் போய்விடும் என்பதால், குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ஏறுங்கள். தனி இருக்கை கேட்காவிட்டால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். மதியத் தூக்கத்துக்கு வேனுக்குத் திரும்பிவிடுங்கள்.

வேனின் கழிவுத் தொட்டியை ஓடையிலோ தேயிலைச் சரிவிலோ திறந்துவிடாதீர்கள். கீழே உள்ள ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. விடுதியின் செப்டிக் டேங்கில் கொட்ட முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டயப்பர்களை மூடியுள்ள வாளியில் சேர்த்து வைத்து, சமவெளிக்கே திருப்பிக் கொண்டுபோவது நல்லது. வெளியே வைத்தால் இரவில் கரடி கிளறும்.

கொடைக்கானலைத்தான் உங்கள் மனம் விரும்புகிறது என்றால் நீலகிரியை விட்டுவிட்டு நேரே கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கே போங்கள். இ-பாஸ், காட்டெருமை, குளிர் எல்லாம் அங்கும் உண்டு. ஏரியைச் சுற்றிய நெரிசலைத் தவிர்க்க, தாண்டிக்குடி அல்லது பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்ட வளாகத்தில் இதே முறையில் வேனை நிறுத்திக்கொள்ளலாம். கொடைக்கானலைவிட உயரம் குறைவு என்பதால் குழந்தைக்கு இரவு இதமாகவும் இருக்கும்.