ரோட்டுக் கணக்கை நேரில் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் அதன் கணக்கைப் பார்க்க முடியுமா? அதை அப்படியே யூடியூபில் நேரலையாகக் காட்டலாமா? சின்னதாக ஒரு எஃப்.எம். வைத்து ஊருக்குள் ஒலிபரப்பலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: கணக்கைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் திடீரென்று போய் நின்று “ஃபைலை எடுங்க சார்” என்றால் எடுக்கமாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி மனு கொடுத்துவிட்டுப் போங்கள்.

பலரும் மனுவில் “ரோடு ஏன் பெயர்ந்தது?” என்று கேட்டுக் கோட்டை விடுகிறார்கள். ‘ஏன்’ என்பதற்கு அலுவலகத்தில் ஆவணம் இருக்காது. ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். பிரிவு 2(j)-ஐக் குறிப்பிட்டு, அந்த வேலையின் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (அளவுப் புத்தகம்), பில் ஆகியவற்றை நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

இவற்றில் எம்-புக்தான் உயிர்நாடி. நீளம், அகலம், கனம் எல்லாம் அதில்தான் ஏறும். அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். கனம் 15 செ.மீ. என்று எழுதியிருக்கிறதா? போவதற்கு முன்பே ரோட்டின் உடைந்த ஓரத்தில் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். நடந்த வேலையைப் பார்வையிடவும், கலவையில் சான்றிட்ட மாதிரி (சாம்பிள்) எடுக்கவும் இதே பிரிவில் உரிமை உண்டு. ஏனோ அதை யாரும் கேட்பதே இல்லை.

குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். மொபைலில் படம் எடுப்பதைப் பற்றி இந்தப் பிரிவு பேசவில்லை. அந்த அனுமதியையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அலுவலகத்துக்குள் நேரலை வேண்டாம் என்பேன். பணிக்கு இடையூறு என்று பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 221-வது பிரிவில் புகார் கொடுக்க நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். வேறு வேலையாக வந்து நிற்பவர்களின் முகமும் அதில் விழும். நகலை வாங்கி வந்து, அதில் தனிநபரின் போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் இருந்தால் மறைத்துவிட்டு, ரோட்டோரம் நின்று வீடியோ போடுங்கள். எம்-புக் பக்கமும் டேப் அளவும் ஒரே வீடியோவில் வந்தால் அதற்குமேல் நீங்கள் பேசவே வேண்டாம். “திருடிவிட்டார்” என்று பெயர் சொல்லிப் பேசினால் அவதூறு வழக்கு வரும்.

எஃப்.எம். யோசனையை விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைப்பது குற்றம். சமுதாய வானொலி உரிமம் தனிநபருக்குக் கிடைக்காது. கல்வி நிறுவனங்கள், பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள் போன்றவைதான் விண்ணப்பிக்கலாம்.

அதைவிட நல்ல மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போய் உட்காரவும் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நகலை அங்கே வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு 10 ரூபாய் மனு போட்டு அந்தத் தீர்மானத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.