எந்த மேசையில் உட்காருவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஆட்டிசம் இருப்பது வளர்ந்த பிறகுதான் உறுதியானது. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு) பைத்தியம் அதற்கு வெகுகாலம் முன்பே பிடித்துவிட்டது. விதிப்புத்தகத்தில் எந்த மந்திரம் எத்தனை அடி பாயும் என்பது வரை மனப்பாடம். ஆடத்தான் ஆள் கிடைக்கவில்லை. சமீபத்தில் ஒரு குழு கிடைத்தது. ஆறு பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். என் முறை எப்போது என்று தெரியாமல் காத்திருப்பேன். நான் வாய் திறக்கும்போது கதை அடுத்த அறைக்குப் போயிருக்கும். "என் கதாபாத்திரம் காவலனைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறது" என்று சொன்னால், "அப்படிச் சொல்லக்கூடாது, அவனாகவே நடித்துப் பேசு" என்பார் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். அவர் விதியைத் தவறாகச் சொன்ன சில இடங்களில் திருத்தினேன். அதிலிருந்து எனக்கு 'வக்கீல்' என்று பெயர். பிறகு அடுத்த ஆட்டம் எப்போது என்ற செய்தி வருவதே நின்றுவிட்டது. எனக்குத் தெரியாமல் அவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

என் கேள்விகள்: இந்த விளையாட்டு என்னைப் போன்றவர்களுக்கு ஆனதில்லையா? ஒத்துவரும் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்டிசம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டுமா? பழைய குழுவிடம் காரணம் கேட்கலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இது உங்களுக்கும் ஆன விளையாட்டுதான். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: மனிதர்கள் கூடிப் பேசுவதற்குக் கண்டுபிடித்த வழிகளில் இது உங்களுக்கு அதிகம் தோதானது. சாதாரண அரட்டையில் யார் எப்போது பேசலாம், எது வேடிக்கை, எது அவமதிப்பு என்று எவரும் எழுதித் தருவதில்லை. இங்கே எழுதித் தந்திருக்கிறார்கள். நீங்கள் யார், உங்களால் என்ன முடியும் என்பது கேரக்டர் ஷீட் என்ற குறிப்புத் தாளில் இருக்கிறது. எதிரே என்ன நடக்கிறது என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லிவிடுகிறது. எதிராளியின் முகத்தைப் படித்து ஊகிக்க வேண்டியதில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டி அண்ட் டியை வெளியிட்டபோது அது போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்த பிள்ளை. வரைபடம், அட்டவணை, எண்கள் இவற்றில் மூழ்கிப்போகிறவர்கள்தான் அதை வளர்த்தார்கள்.

குரலை மாற்றி நடித்துப் பேசினால்தான் ஆட்டம் என்கிற எண்ணம் இன்று பரவலாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடி ஒளிபரப்பும் நிகழ்ச்சிகள். 2015இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் அவற்றில் பெரியது. பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் இருப்பவரும் அப்படியே பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் புத்தகத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். கதாபாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்று படர்க்கையில் விவரிப்பது ஒரு முறை, அதுவாகவே பேசுவது இன்னொரு முறை என்று இரண்டையும் சொல்லி, இரண்டும் சரி என்றே எழுதியிருக்கிறது. உங்கள் கேம் மாஸ்டர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். மந்திரங்களின் தூரத்தை விட்டுவிட்டு நீங்கள் அவருக்கு இதைக் காட்டியிருக்கலாம்!

ஆட்டிஸ்டிக் மனிதர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்பது நெடுநாள் வழக்கு. டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், தானே ஆட்டிஸ்டிக் ஆனவர், 2012இல் அதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, நீங்கள் அவர்களைப் புரிந்துகொள்ளாத அளவு அவர்களும் உங்களைப் புரிந்துகொள்வதில்லை, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது என்றார். இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று இதைச் சொல்லலாம். 2020இல் வந்த ஒரு சோதனையில் ஒரு கதையை ஆளுக்கு ஆள் சங்கிலியாகச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிஸ்டிக் மனிதர்கள் மட்டும் இருந்த சங்கிலியில் கதை மற்றவர்களின் சங்கிலியைப் போலவே நன்றாகக் கடந்தது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிதைந்தது. பிறகு 2025இல் இன்னும் பெரிய அளவில் செய்தபோது கலந்த சங்கிலியும் குறைவாகச் செய்யவில்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடித்திருக்கிறது. ஆட்டிஸ்டிக் ஆட்டக்காரர்கள் மட்டுமே உள்ள குழுவைத் தேடி அலைய வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் மூச்சு விடுவது எளிதாக இருக்கும், தாராளமாகப் போங்கள். கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

ப்ளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிஸ்டிக் பெரியவர்கள் சிலரை டி அண்ட் டி ஆடவைத்துப் பேட்டி எடுத்து 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆடியவர்கள் நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது மிகச் சிறிய குழு. தவிர, இந்த விளையாட்டை ஆட்டிசத்துக்கு மருந்து போலப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. மற்றவர்கள் வேடிக்கைக்காக ஆடலாம், நீங்கள் மட்டும் 'சமூகத் திறன்' வளர்க்க ஆடவேண்டுமா? டிராகனைக் கொல்லத்தான் நீங்களும் வருகிறீர்கள்.

சரி, குழு. தேடும்போது "ஆட்டிஸ்டிக் ஆட்டக்காரர்களுக்கு வரவேற்பு" என்ற வரியைத் தேடாதீர்கள். அதை எழுதுவது யாருக்கும் எளிது. எந்த அளவுக்கு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எந்த விதிமுறை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், நடுவில் இடைவேளை உண்டா, சண்டை அதிகமா பேச்சு அதிகமா, கதை எவ்வளவு கொடூரமாகப் போகும், இதையெல்லாம் அழைப்பிலேயே எழுதுகிற கேம் மாஸ்டர் பெரும்பாலும் மேசையிலும் அப்படித்தான் இருப்பார். "சும்மா வாங்க, ஜாலியா இருக்கும்" என்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் மேசையில் எழுதாத சட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. நீங்கள் ஒவ்வொன்றாக மிதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பழைய குழுவில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

செஷன் ஜீரோ நடத்துவார்களா என்று கேளுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து எப்படி ஆடப்போகிறோம் என்று பேசி முடிவு செய்யும் கூட்டம் அது. "அதெல்லாம் எதற்கு, நேராக ஆரம்பிப்போம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நடத்துகிறவரிடம் எழுத்தில் கேட்க இன்னும் சில உண்டு. ஒருவர் வெகுநேரம் பேசாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? விதியில் கருத்து வேறுபாடு வந்தால் எப்போது பேசலாம்? கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டு வரலாமா? சண்டைக் காட்சியில் இனிஷியேட்டிவ் வரிசை, அதாவது யாருக்குப் பின் யார் என்ற முறை, இருப்பதுபோல மற்ற காட்சிகளிலும் ஒரு சுற்று எல்லோரையும் கேட்டுவிட்டு நகர்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் உங்களுக்கு உயிர்நாடி. வெறும் "சரி" என்பவரைவிட, "அப்படிச் செய்து பார்த்ததில்லை, ஆனால் செய்யலாமே, இன்னொருவருக்கும் உதவும்" என்பவர் மேல்.

சில மேசைகளில் எக்ஸ் அட்டை வைத்திருப்பார்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கியது. காட்சி ஒருவருக்குத் தாங்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும், விளக்கம் கேட்காமல் அந்த விஷயத்தை விட்டு நகர்வார்கள். கதையில் வரவே கூடாதவை எவை, திரைக்குப் பின்னால் நடந்ததாகக் காட்டிவிட்டுப் போகவேண்டியவை எவை என்று முன்கூட்டியே பிரித்துவைப்பதும் உண்டு. ரான் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த முறை அது. நல்ல கருவிகள். ஆனால் அட்டை மேசைமேல் கிடப்பதாலேயே மேசை நல்லதாகிவிடாது. போன முறை யாராவது தொட்டார்களா, தொட்டபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு பேர் உள்ள மேசை எனக்கே சந்தை இரைச்சல். மூன்று, நான்கு பேர் போதும். பல மேசைகள் ஒரே கூடத்தில் ஓடும் இடங்களில் சத்தமும் வெளிச்சமும் உங்களைப் பாதி ஆட்டத்திலேயே வற்றச் செய்யலாம். யாராவது ஒருவர் வீட்டில் ஆடும் குழுவோ டிஸ்கார்ட் என்ற இணைய உரையாடல் செயலியில் ஆடும் குழுவோ பார்க்கலாம். டிஸ்கார்டில் கேமராவை அணைத்துவைக்கலாம், பேச வராத நேரத்தில் தட்டச்சு செய்யலாம். எழுத்திலேயே நாட்கணக்கில் மெதுவாக ஆடும் ப்ளே பை போஸ்ட் முறையைப் பலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசித்து எழுத நேரம் கிடைத்தால் மிக அழகான கதாபாத்திரங்களைப் படைக்கிறவர்கள் உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்களும் அந்த ரகம்.

டி அண்ட் டி மட்டுமே விளையாட்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் ராபர்ட்ஸின் ஃபார் தி குவீன் 2019இல் வந்தது. கேம் மாஸ்டரே கிடையாது. முறை வரும்போது ஒரு சீட்டை எடுத்து அதிலுள்ள கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பிடிக்காத கேள்வியை அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். யார் முறை என்ற குழப்பமே வராது. ஒரே மாலையில் முடிந்துவிடும். புதிய ஆட்களைப் பழகிப்பார்க்க இதைவிட மலிவான வழி தெரியவில்லை. பிடித்தால் ஒரே அமர்வில் முடியும் ஒன்-ஷாட் ஒன்று, அதுவும் பிடித்தால் பல அமர்வுகள் தொடரும் கேம்பெய்ன். முதல் நாளே ஒரு வருடக் கேம்பெய்னுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொல்லவேண்டுமா என்கிற கேள்வி. நான் ஆட்டம் நடத்துபவன், ஆட்டிஸ்டிக் அல்ல. ஆகவே இது என் பக்கத்திலிருந்து தெரிவது மட்டும். பெயரைவிடத் தேவையைச் சொல்வது எனக்கு அதிகம் உதவும். ஆட்டிசம் என்று கேட்டதும் ஒவ்வொரு கேம் மாஸ்டர் மனதிலும் ஒவ்வொரு சினிமா ஓடும். அதற்குப் பதில் இப்படி எழுதினால் நான் செய்யவேண்டியது என்னவென்று எனக்கே தெரிந்துவிடும்: "பலர் சேர்ந்து பேசினால் என் முறையைப் பிடிக்க எனக்குச் சிரமம். என் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டால் நன்றாக ஆடுவேன். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன், கவனிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் வெளியே போவேன்." இதற்குமேல் பெயரையும் சொல்வது உங்கள் விருப்பம். சொன்னால் சில நேரம் கதவு அடைபடும், அதை மறைக்க மாட்டேன். முதல் செய்தியிலேயே அடைபடும் கதவுக்குப் பின்னால் நீங்கள் நான்கு மாதம் நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி இல்லை. விதியில் நீங்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் பெரும்பாலான மேசைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் ஓடும்போது கேம் மாஸ்டர் சொன்னதை வைத்து நகர்வது, சரிபார்ப்பதை முடிந்த பிறகு வைத்துக்கொள்வது. கதாபாத்திரம் சாகிற நிலை என்றால் மட்டும் உடனே நிறுத்திக் கேட்பார்கள். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அது அவர்கள் பிழை. இனி நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்: "தவறு கண்டால் உடனே சொல்லவா, குறித்துவைத்துப் பிறகு தரவா?" உங்களைப் போன்ற நினைவாற்றல் உள்ளவர் பக்கத்தில் இருப்பது எனக்கெல்லாம் வரம். என் மேசையில் அப்படி ஒருவர் இருக்கிறார். "இதற்கு என்ன விதி?" என்று நானே அவரைத் திரும்பிப் பார்ப்பேன், அவர் பக்கம் எண்ணோடு சொல்வார். கேட்காதபோது சொல்லமாட்டார். அந்த ஒப்பந்தம் வெளிப்படையாகப் பேசி வந்தது.

நீங்களே கேம் மாஸ்டர் ஆவதையும் யோசிக்கலாம். முறை வைப்பது, இடைவேளை விடுவது, எத்தனை பேர் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும். அச்சில் வந்த சாகசக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரோடு தொடங்குங்கள். ஆட்டக்காரர்கள் நீங்கள் தயாரித்த பாதையை விட்டு எங்கோ போவார்கள், அந்த இடத்தில் தலை சுற்றும். "பத்து நிமிடம் இடைவேளை" என்று சொல்லும் அதிகாரம் அப்போது உங்களிடம்தான் இருக்கிறது.

பழைய குழுவிடம் கேட்பதானால் ஒரே ஒரு செய்தி, கேம் மாஸ்டருக்கு மட்டும், அனுப்புங்கள். "நான் இனி வரவேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் நேரடியாகச் சொல்லுங்கள், காரணம் தெரிந்தால் அடுத்த குழுவில் எனக்கு உதவும்" என்று எழுதினால் போதும். பதில் வந்தால் அதில் பாதியை நம்புங்கள், பாதியைத் தள்ளுங்கள். வராவிட்டால் இரண்டாவது செய்தி வேண்டாம். அந்த நேரத்தில் புதிய கேம் மாஸ்டர் ஒருவருக்கு மேலே சொன்ன கேள்விகளை எழுதி அனுப்பிவிடலாம்.