25 படுக்கை மருத்துவமனையில் மூன்று ஆண்டு ஒப்பந்தம்: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் ஜே-1 விசாவில் பொது மருத்துவ ரெசிடென்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். மேற்குக் கான்சாஸில் 25 படுக்கைகள் உள்ள ஒரு கவுன்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) மருத்துவமனை, கான்ராட் 30 விலக்கின்கீழ் (மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்தால், பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற ஜே-1 நிபந்தனையைத் தளர்த்தும் திட்டம்) மூன்று ஆண்டு வேலை தர முன்வந்திருக்கிறது. "எங்களுடையது கிரிட்டிகல் ஆக்சஸ் மருத்துவமனை; ஆகும் செலவை அரசே கொடுத்துவிடுகிறது; மூடும் பேச்சுக்கே இடமில்லை" என்கிறார் நிர்வாகி. நம்பலாமா? பாதியில் மூடினால் என் விசா என்னவாகும்?

பதில்: நிர்வாகி பொய் சொல்லவில்லை. ஆனால் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

1983இல் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு), மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றியது. செலவு எவ்வளவு ஆனாலும் இந்த நோய்க்கு இவ்வளவுதான் என்று தொகையை நிர்ணயித்தது. பெரிய மருத்துவமனைகள் சமாளித்துக்கொண்டன. கிராமத்து மருத்துவமனைக்கு அது கட்டுப்படியாகவில்லை. இரவு முழுவதும் ஒரே ஒரு நோயாளி வந்தாலும், யாருமே வராவிட்டாலும், அவசரப் பிரிவில் செவிலியர் இருக்க வேண்டும், ஆய்வகம் இயங்க வேண்டும். மூடுவிழாக்கள் தொடர்ந்தபின், 1997ஆம் ஆண்டுச் சட்டம் 'கிரிட்டிகல் ஆக்சஸ்' என்ற இந்தத் தனி வகையை உருவாக்கியது. 25 படுக்கைக்கு மேல் கூடாது. அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும் (மலைப்பாங்கான இடத்தில் 15 மைல்). உள்நோயாளி தங்கும் காலம் ஆண்டுச் சராசரியில் 96 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். தூர விதியில் பழைய விலக்குப் பெற்றவை ஏராளம். இதற்கெல்லாம் ஈடாக, நியாயமான செலவில் 101 சதவீதத்தை மெடிகேர் தரும்.

அந்த 101தான் நிர்வாகிகளின் வாயில் அடிக்கடி வரும் எண். 2013 முதல் மத்திய அரசின் செலவுக் குறைப்பில் 2 சதவீதம் பிடிக்கப்படுவதால், கைக்கு வருவது ஏறத்தாழ 99தான். அதிலும் 'நியாயமான செலவு' எது என்பதை மருத்துவமனை தீர்மானிப்பதில்லை. ஆண்டு முழுவதும் உத்தேசமாக ஒரு தொகை வரும். செலவறிக்கையைச் சரிபார்த்த பிறகு, கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். கையிருப்பு இல்லாத மருத்துவமனைக்கு அந்தக் கடிதம் வரும் மாதம் சம்பளத்துக்கே திண்டாட்டம்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் பாரம்பரிய மெடிகேரில் இருக்கிறார்கள்? செலவைத் திருப்பித் தரும் உத்தரவாதம் அவர்களுக்கு மட்டும்தான். இன்று மெடிகேர் பயனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். அந்த நிறுவனங்கள் 101 சதவீதம் தரக் கடமைப்பட்டவை அல்ல. முன் அனுமதி கேட்கும், மறுக்கும், தாமதிக்கும். கிராம மருத்துவமனைகளை இன்று மெல்ல மெல்ல அரிப்பது இதுதான் என்பது என் கருத்து. செய்திகளில் அதிகம் அடிபடுவதில்லை.

அடுத்தது மெடிகெயிட், அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. கான்சாஸ் இன்னும் மெடிகெயிடைக் கூடுதல் ஏழைகளுக்கு விரிவுபடுத்தாத மாநிலங்களில் ஒன்று. ஆகவே காப்பீடே இல்லாமல் அவசரப் பிரிவுக்கு வரும் ஏழைகளின் செலவு மருத்துவமனையின் தலையில் விழும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிகெயிடுக்கான மத்திய நிதியைப் பெரிதாகக் குறைத்தது. அதை ஈடுகட்டுவதாகச் சொல்லி, கிராமப்புற மருத்துவத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 5,000 கோடி டாலர் ஒதுக்கியது. நிர்வாகி இதைக் காட்டி நம்பிக்கை தந்தால் உடனே பூரித்துவிடாதீர்கள். பணம் மாநிலத்துக்குப் போகிறது, மருத்துவமனைக்கு நேரடியாக அல்ல. உங்கள் மருத்துவமனைக்கென்று எழுத்தில் என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. கவுன்டி மருத்துவமனை என்றால், உள்ளூர் சொத்து வரியில் ஒரு பங்கு அதற்கு வரக்கூடும். ஊர் மக்கள் அந்த வரிக்குத் தொடர்ந்து சம்மதிக்கிறார்கள் என்றால், வாஷிங்டன் தரும் எந்த மானியத்தையும்விட அதை நான் பெரிய பலமாக மதிப்பேன். கவுன்டியின் தணிக்கை அறிக்கை பொது ஆவணம். மெடிகேர் செலவறிக்கையும் பொதுவில் கிடைக்கும். இரண்டிலும் கடைசி மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். வருமானமே வராவிட்டால் எத்தனை நாள் ஓட்டக் கையில் பணம் இருக்கிறது என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய எண். 30 நாளுக்குக் கீழே இருந்தால் நான் கையெழுத்திடத் தயங்குவேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களை நேரடியாகத் தொடும் ஒன்று உண்டு. மூடாமலேயே உங்கள் வேலை போகலாம். 2023 ஜனவரி முதல் 'கிராமப்புற அவசர மருத்துவமனை' என்ற புதிய வகை நடைமுறையில் இருக்கிறது. உள்நோயாளிப் படுக்கைகளை அடியோடு கைவிட்டால் மெடிகேர் மாதாமாதம் நிலையான தொகை தரும். முதல் ஆண்டில் அது மாதம் 2,72,866 டாலர். புறநோயாளிச் சேவைக்கும் 5 சதவீதம் கூடுதல். தள்ளாடும் மருத்துவமனைக்கு இது பெரிய தூண்டில். கான்சாஸ் இதற்கான மாநிலச் சட்டத்தை 2021இலேயே இயற்றிவிட்டது. வார்டு நோயாளிகளைப் பார்க்கவே உங்களை எடுக்கிறார்கள் என்றால், வார்டே இல்லாமல் போன பிறகு உங்களுக்கு என்ன வேலை? நிர்வாகக் குழு இந்த மாற்றத்தைப் பற்றி விவாதித்திருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

விசாவைப் பொறுத்தவரை நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. மருத்துவமனை மூடப்படுவதைச் சட்டமே தவிர்க்க முடியாத காரணமாக ஏற்கிறது. மருத்துவர் பற்றாக்குறை உள்ளதாக அறிவிக்கப்பட்ட வேறொரு பகுதியில் மீதிக் காலத்தை முடிக்கலாம். ஆதாரங்களோடு புதிய எச்-1பி (வேலை விசா) மனு வேண்டும். ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து பொதுவாக 60 நாள்தான் அவகாசம். ஆகவே ஊழியர் குறைப்பு, பிரசவப் பிரிவை மூடுதல் போன்ற அறிகுறிகள் தெரிந்த உடனேயே குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். படுக்கைகளைக் கைவிடுவது 'மூடல்' ஆகுமா என்பதையும் அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூடுவதாகவோ வகை மாறுவதாகவோ இருந்தால் குறைந்தது 120 நாள் முன்னறிவிப்பு. அந்தச் சூழலில் நீங்கள் விலகினால் அபராதம் கிடையாது. வேலை முடிந்தபின் வரும் வழக்குகளுக்கான 'டெயில்' காப்பீட்டுத் தொகையை மருத்துவமனை ஏற்க வேண்டும். அதையும் மூடுவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?