மாற்றப் பதிவேட்டை நிரல் வழியே வாசித்தல்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் நிரலாளர் வட்டத்தில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, டிரைவில் எந்தக் கோப்பு எப்போது எவ்வகையில் மாறியது என்று தானாகவே எழுதிவரும் மாற்றப் பதிவேட்டைப் (யூஎஸ்என் ஜர்னல்) பற்றிச் சென்ற வாரம் பேசினேன். அன்று சீட்டில் எழுதித் தரப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு முகவர் அலுவலகங்களுக்குக் காப்புநகல் நிரல்கள் எழுதுவது என் தொழில் என்பதால், அந்த எல்லைக்கு வெளியே போகும் கேள்விகளுக்கு ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொண்டேன்.

இராயபுரம் அன்பர்: எதைத் திறந்து, எந்த வரிசையில் அழைக்க வேண்டும்?

திறக்க வேண்டியது கோப்பை அன்று, டிரைவையே. கிரியேட்ஃபைல் அழைப்பில் இரண்டு பின்சாய்வு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு பின்சாய்வு, அதன்பின் டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் தர வேண்டும். கடைசியில் இன்னொரு பின்சாய்வைச் சேர்த்துவிட்டால் டிரைவுக்குப் பதிலாக அதன் வேர்க் கோப்புறை திறக்கும்; பாதி நாள் அதிலேயே போய்விடும். நிரல் நிர்வாகி உரிமையோடு இயங்க வேண்டும்.

அடுத்து, டிரைவுக்குக் கட்டளை அனுப்பும் டிவைஸ்ஐஓகன்ட்ரோல் அழைப்பு வழியாக எஃப்எஸ்சிடிஎல் க்வெரி யூஎஸ்என் ஜர்னல் என்னும் குறியீட்டை அனுப்பினால், பதிவேட்டின் அடையாள எண்ணும், இப்போது கிடைக்கும் முதல் பதிவின் தொடரெண்ணும் (யூஎஸ்என்), அடுத்து எழுதப்படவிருக்கும் தொடரெண்ணும் கிடைக்கும். பிழை 1179 வந்தால் அந்த டிரைவில் பதிவேடு இயங்கவில்லை என்று பொருள். பின்பு எஃப்எஸ்சிடிஎல் ரீட் யூஎஸ்என் ஜர்னல் குறியீட்டை, தொடக்கத் தொடரெண்ணும் அடையாள எண்ணும் சேர்த்து, விடையை வாங்கிக்கொள்ள 64 கிலோபைட் பஃபரோடு (நினைவக இடம்) அழையுங்கள். திரும்பி வரும் பஃபரின் முதல் 8 பைட் பதிவு அன்று. அடுத்த அழைப்பில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்னும் தொடரெண் அது. அதற்குப் பின்னால்தான் பதிவுகள் வரிசையாக நிற்கின்றன. புதுப் பதிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அளவுகளை அழைப்பில் சுழியமாக வைத்திருந்தால், 8 பைட் மட்டுமே திரும்பும் அழைப்பில் சுழற்சியை முடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பதிவின் நீளமும் கோப்புப் பெயருக்கு ஏற்ப மாறும். ஆகவே ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குத் தாவ ரெக்கார்ட்லெங்த் புலத்தை மட்டுமே நம்புங்கள். பெயரை ஃபைல்நேம்ஆஃப்செட் சொல்லும் இடத்திலிருந்து எடுங்கள். பெயரின் முடிவில் சுழியக் குறி இராது. நீளம் எழுத்துக் கணக்கில் அன்று, பைட் கணக்கில் தரப்படுகிறது. ‘கோ’ என்று பெயரிட்ட கோப்புக்கு அந்த நீளம் 4, ஏனெனில் யூடிஎஃப்-16 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் ககரமும் ஓகாரக் குறியும் தனித்தனியே இரண்டு பைட் பிடிக்கின்றன. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். பதிவின் முதன்மைப் பதிப்பு எண்ணையும் பாருங்கள்: 2 என்றால் கோப்பின் அடையாளம் 64 பிட், 3 என்றால் 128 பிட்.

வியாசர்பாடி மாணவி: பெயர் மட்டுமே வருகிறது. முழுப் பாதையை எப்படிப் பெறுவது?

பதிவில் பாதை இல்லை; கோப்பின் எண்ணும் அதன் தாய்க் கோப்புறையின் எண்ணும் உள்ளன. தாய்க் கோப்புறையை ஓபன்ஃபைல்பைஐடி வழியாகத் திறந்து கெட்ஃபைனல்பாத்நேம்பைஹேண்டில் கேட்டால் பாதை வரும். ஆனால் அது இன்றைய பாதை. மாற்றம் நடந்த அன்று அந்தக் கோப்புறைக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம், இன்று அது அழிக்கப்பட்டும் இருக்கலாம். நிலையான வழி, எஃப்எஸ்சிடிஎல் ஈனம் யூஎஸ்என் டேட்டா மூலம் டிரைவிலுள்ள எல்லாவற்றின் எண்களையும் ஒருமுறை வாரி, தாய்-சேய் அட்டவணையாகக் கட்டி, பிறகு வரும் பதிவுகளால் அதைப் புதுப்பித்துக்கொண்டே போவது. அந்தப் பட்டியல் பிழை 38 உடன் முடிவது இயல்பே, பதற வேண்டாம். 64 பிட் எண்ணில் கீழுள்ள 48 பிட் இடத்தைக் குறிக்கும். மேலுள்ள 16 பிட், அந்த இடம் மறுபடி பயன்படுத்தப்படும்போது மாறும். இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

திருவொற்றியூர் அன்பர்: பென் டிரைவிலும் இது உண்டா?

பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி கோப்பு முறைமைகளில் இல்லை.

மின்ட் தெரு அச்சக உரிமையாளர்: எந்த ஊழியர் கோப்பை எத்தனை முறை திருத்தினார் என்று இதில் எண்ண முடியுமா?

முடியாது. யார் என்பதும், உள்ளே என்ன மாறியது என்பதும் பதிவேட்டில் இல்லை. எத்தனை முறை என்பதும் இல்லை: திறந்திருக்கும் கோப்பில் ஒரே வகை மாற்றம் நூறு முறை நடந்தாலும், மாற்றத்தின் வகையைக் குறிக்கும் காரணக் கொடி ஏற்கெனவே ஏறியிருப்பதால், கோப்பு மூடப்படும் வரை புதுப் பதிவு எழுதப்படுவதில்லை. இதை வைத்து யாருடைய சம்பளத்திலும் கை வைக்காதீர்கள்.

பெரம்பூர் அன்பர்: வாசிக்கும் அழைப்பில் ரிட்டர்ன்ஒன்லிஆன்குளோஸ் புலத்தை 1 என்று வைத்தால், கோப்பு மூடப்படும்போது எல்லாக் கொடிகளும் திரண்ட ஒரே பதிவு வருமே? இடைப்பதிவுகள் வீண் என்பது என் வாதம்.

அன்றே எழுந்து நின்று வாதிட்டவர் இவர். கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்ததையும் மறைக்கவில்லை. பதிவுகள் குறையும், நிரல் எளிதாகும் என்பது உண்மை. இரண்டு இடங்களில் மட்டும் அந்த வாதம் உடைகிறது. முதலாவது, பெயர் மாற்றம். பழைய பெயரோடு ஒரு பதிவும், புதுப் பெயரோடு ஒரு பதிவும், மூடும்போது புதுப் பெயரோடு இன்னொன்றும் எழுதப்படுகின்றன; மூடும் பதிவை மட்டும் வாங்கினால் பழைய பெயர் உங்கள் கைக்கு வராது. அட்டவணை இருந்தால் பழைய பெயரை அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மடக்கினார். ஒப்புக்கொள்கிறேன், அட்டவணை இருந்தால். இரண்டாவதற்கு அவர் விடை சொல்லவில்லை. முகவர் அலுவலகங்களில் கணக்கு மென்பொருள் காலையில் தரவுக் கோப்பைத் திறந்தால் இரவில்தான் மூடுகிறது. மூடும் பதிவுக்காகவே காத்திருக்கும் காப்புநகல் நிரலின் கண்ணில், பகல் முழுவதும் அந்தக் கோப்பு மாறாததாகவே தெரியும். மதியம் 3 மணிக்கு மின்சாரம் போய் வட்டு கெட்டால், காலைக் கணக்கு எங்கே என்று என்னிடம்தான் கேட்பார்கள். எனவே நான் எல்லாப் பதிவுகளையும் வாங்கி, கோப்பு எண் வாரியாக நானே திரட்டிக்கொள்கிறேன். அவருடைய நிரல் வெறும் தேடல் பட்டியலுக்கானது என்றால், அவர் வழியே அவருக்குப் போதும்.

கொருக்குப்பேட்டை அன்பர்: முழுப் பாதை வரவில்லையே?

வியாசர்பாடி மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வியோடு இன்னும் நான்கு சீட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் இதுவே விடை.

எண்ணூர் அன்பர்: நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுகிறது.

அது யூடிசி என்னும் உலகப் பொது நேரம். 1601 சனவரி 1 முதல் 100 நானோ நொடி அலகில் எண்ணப்படுவது. நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டுங்கள்.

மூலக்கடை அன்பர்: இடம் போதவில்லை. விண்டோஸின் எஃப்எஸ்யுடில் கட்டளையால் பதிவேட்டையே அழித்துவிடலாமா?

கூடாது. அன்றும் இரண்டு முறை சொன்னேன். பதிவேடு உங்கள் நிரலுக்கு மட்டும் உரியதன்று. தேடல் அட்டவணையும் காப்புநகல் மென்பொருள்களும் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அழித்துவிட்டால் அவையெல்லாம் டிரைவை முதலிலிருந்து துழாவ வேண்டியிருக்கும். இடம் வேண்டுமென்றால் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

புளியந்தோப்பு அன்பர்: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஜர்னலையும் இப்படி வாசிக்கலாமா?

அது விபத்துக்குப்பின் கோப்பு முறைமையைச் சீராக்குவதற்கானது, வேறு பொருள். லினக்ஸில் கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் ஐநோடிஃபை, ஃபேனோடிஃபை பற்றி அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

பெரம்பூர் அன்பர், மீண்டும்: பொங்கல் விடுமுறைக்குப்பின் பிழை 1181 வருகிறது.

நீங்கள் சேமித்து வைத்த தொடரெண்ணுக்குரிய பதிவு கழிந்துவிட்டது. பதிவேட்டுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. நிரம்ப நிரம்பப் பழையவை முன்னாலிருந்து நீக்கப்படும். இதற்கு ஒரே வழி முழு டிரைவையும் மறுபடி வருடுவதுதான். அடையாள எண் மாறியிருந்தாலும் அப்படியே. பழைய தொடரெண்ணுக்குப் புதுப் பதிவேட்டில் பொருளில்லை. இனி விடுமுறைக்கு முன் உச்ச அளவைக் கூட்டி வையுங்கள். தொடரெண்ணை, பஃபரிலுள்ள பதிவுகளைக் கையாண்டு முடித்த பிறகே வட்டில் எழுதுங்கள். முன்னதாக எழுதி, இடையில் நிரல் விழுந்தால், விடுபட்டவை விடுபட்டவையே.